முதல் மரம் வரை: ஒரு மோப்பநாய்க் குட்டியோடு 18 மாதங்கள்

2022 ஏப்ரலில் எட்டு வாரக் குட்டியாக எங்கள் வீட்டுக்கு வந்த மணி, வேறு நாயின் துணை இல்லாமல் ரக்கூன் என்ற ஒரு காட்டு விலங்கின் தடத்தைத் தானே கண்டுபிடித்து, அதை மரத்தில் ஏற வைத்து, நான் போய்ச் சேரும் வரை மரத்தடியை விட்டு நகராமல் குரைத்து நின்றது 2023 அக்டோபரில்தான். இடையில் கழிந்த 18 மாதங்களில் என்ன செய்தேன், எதைச் செய்திருக்கக் கூடாது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தேன். முதல் முறையாக ஒரு வேட்டைநாய்க் குட்டியைப் பழக்க நினைக்கும் எவருக்கேனும் பயன்படும் என்ற எண்ணத்தில் அதிலிருந்து முக்கியமானவற்றை இங்கே விரித்து எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், டேனியல் பூன் தேசிய வனத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில். வேலைக்காக இங்கே குடிவந்த புதிதில், இரவு பத்து மணிக்கு மேல் மலைச்சரிவிலிருந்து நீண்டு ஒலிக்கும் ஒரு நாய்க்குரலைக் கேட்டு, யாருடைய நாயோ வழி தவறி அழுகிறது என்று நினைத்துப் பக்கத்துப் பண்ணைப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். எழுபது வயதைக் கடந்த அவர், அது தம்முடைய டெய்சிதான் என்றும், அவள் அழவில்லை, ரக்கூனின் தடத்தை எடுத்துவிட்டதாகத் தமக்குச் செய்தி சொல்கிறாள் என்றும் விளக்கி, "இன்னும் சற்று நேரம் நின்று கேளுங்கள், குரல் மாறும்" என்றார். பத்து நிமிடம் கழித்து, இழுத்து இழுத்து வந்த அந்த ஊளை சட்டென்று உடைந்து, இடைவிடாத குறுங்குரைப்பாக மாறியது. "மரத்தில் ஏறிவிட்டது" என்றார் பெரியவர். அந்த ஒரு குரல் மாற்றம்தான் என்னை இதற்குள் இழுத்துவந்தது.

ரக்கூன் நம் ஊர்ப் பக்கம் இல்லாத விலங்கு. கண்களைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டியது போன்ற முகமும், பட்டை பட்டையாக வளையம் போட்ட வாலும், குழந்தையின் கையைப் போன்ற முன்னங்கால்களும் கொண்டது. வளர்ந்த ரக்கூன் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து கிலோ வரை எடை இருக்கும். பெரும்பாலும் இருட்டிய பிறகே வெளியே வரும். ஓடைக்கரையில் தவளையைத் துழாவும், ஓக் மரத்தடியில் கொட்டைகளைப் பொறுக்கும், கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் சோள வயலுக்குள் புகுந்து, தின்பதைவிட ஒடித்துப் போடுவது அதிகம் என்னும்படி நாசம் செய்யும். அதனால் இங்குள்ள விவசாயிகளில் பலர் ரக்கூன் வேட்டைக்கு அனுமதி கேட்டு வருபவரை முகம் மலர்ந்தே வரவேற்கிறார்கள். துரத்தப்பட்டால் அது மரத்தில் ஏறும். எந்த மரத்தில் ஏறியது என்பதை இருட்டில் மூக்கால் கண்டுபிடித்து, குரலால் நமக்குச் சொல்வதே நாயின் வேலை.

இந்த வேலைக்கென்றே வளர்க்கப்படும் கூன்ஹவுண்ட் இனங்களாக யுனைடெட் கென்னல் கிளப் பதிவு செய்பவற்றுள் முக்கியமானவை ஆறு: பிளாக் அண்ட் டேன், ரெட்போன், புளூடிக், இங்கிலிஷ், பிளாட், ட்ரீயிங் வாக்கர். டெய்சி புளூடிக், மணி ட்ரீயிங் வாக்கர். வாக்கர் நாய்கள் முன்பு இங்கிலிஷ் கூன்ஹவுண்டின் ஒரு பிரிவாகவே பதிவு செய்யப்பட்டன; 1945இல்தான் தனி இனமாகப் பிரிந்தன. வெள்ளை, கறுப்பு, பழுப்பு என மூன்று நிறமும், நீண்டு தொங்கும் காதும், ஓயாத வேகமும் இவற்றின் அடையாளம்.

நான் பிறந்து வளர்ந்தது கோவில்பட்டிப் பக்கம். சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் நாய் பழக்குவது எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையோடுதான் தொடங்கினேன். அந்த நம்பிக்கை எனக்கு உதவவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் நாய்; இரையைப் பார்த்த பின் வாயைத் திறக்காமல் ஓடும், ஓட்டம் முழுவதும் நம் கண்ணெதிரே நடக்கும், ஓரிரு நிமிடத்தில் முடிந்தும் விடும். கூன்ஹவுண்ட் மூக்கால் வேட்டையாடுவது. அது என்ன செய்கிறது என்பதில் பத்தில் ஒரு பங்கைக்கூட நாம் பார்ப்பதில்லை. அரை மைல் தள்ளி, இருட்டில், நமக்குப் புலப்படாத ஒரு வாசனையின் மேல் அது முடிவெடுத்துக்கொண்டிருக்கும். பார்க்க முடியாத ஒன்றைத் திருத்தப் போவதில் உள்ள ஆபத்தை நான் கற்றுக்கொண்ட விதத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நான்கு மாதங்களில் மணிக்கு ரக்கூனைப் பற்றி நான் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. பெரியவர் அதில் கண்டிப்பாக இருந்தார். பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பது, வாரில் கட்டினால் இழுக்காமல் நடப்பது, வண்டியின் பின்னால் இருக்கும் நாய்ப்பெட்டிக்குள் தானே ஏறுவது, ஓடையைக் கண்டு தயங்காமல் இறங்குவது ஆகியவை மட்டும் போதும் என்றார். பெட்டியைப் பழக்க, மூன்று வாரம் அவனுடைய இரவு உணவை அதற்குள்ளேயே வைத்தேன். அதன் பிறகு பெட்டிக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே ஓடிவந்து ஏறினான். ஓடைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விடக் கூடாது; நாம் முட்டளவு நீரில் நடந்து போனால் போதும், கரையில் நின்று கொஞ்ச நேரம் சிணுங்கிவிட்டுத் தானே பின்னால் வந்துவிடும்.

கழுத்துப்பட்டை விஷயத்தில் ஒரு சிறு குறிப்பு. இரவு வேட்டையில் நாயின் இருப்பிடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் பட்டையைக் கட்டாமல் இன்று பெரும்பாலும் யாரும் நாயை அவிழ்ப்பதில்லை. அது குட்டிக்குக் கனம். எனவே ஐந்தாம் மாதத்திலிருந்து, மின்கலம் போடாத பழைய பட்டை ஒன்றை நாளுக்கு ஒரு மணி நேரம் கட்டிப் பழக்கினேன். மின்கலம் போட்ட பிறகு, பட்டையிலிருந்து 'பீப்' ஒலி எழுப்பும் வசதியைத் திரும்பி வருவதற்கான அழைப்பாக ஆக்கிக்கொண்டேன்: ஒலி வந்தவுடன் கையில் ஒரு துண்டு வேகவைத்த ஈரல். ஒலிக்கும் ஈரலுக்கும் இடையே இரண்டு விநாடிக்கு மேல் போகக் கூடாது. ஆறாம் மாதத்தில் வயலின் மறுகோடியில் முயல் வாசனையில் மூழ்கிக் கிடந்தாலும் அந்த ஒலிக்கு ஓடிவந்தான். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தது பின்னால் அவனை இரண்டு முறை நெடுஞ்சாலையிலிருந்து காப்பாற்றியது. அதோடு, நம் தொலைபேசி எண் பொறித்த பித்தளைத் தகட்டையும் பட்டையில் அறைந்துவிட வேண்டும். மின்கலம் தீர்ந்த இரவில் அந்தத் தகடுதான் நாயை வீடு சேர்க்கும்.

துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயப்படும் நாயைப் பிறகு மீட்பது மிகவும் கடினம். சாப்பிடும் நேரத்தில் அடுக்களையிலிருந்து தட்டைக் கீழே போடுவதில் தொடங்கி, நூறு கஜத்துக்கு அப்பால் என் மகன் .22 துப்பாக்கியால் ஒரே ஒரு முறை சுடுவது வரை, ஒரு மாதம் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல அருகே கொண்டுவந்தோம். குட்டி தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு, அடுத்த நாள் இன்னும் தள்ளிப் போய்ச் சுட வேண்டும்.

அடுத்தது தடம் இழுப்பது. முந்தைய பருவத்தில் வேட்டையாடிய ரக்கூனின் தோல் ஒன்றைப் பெரியவர் ஃப்ரீசரில் வைத்திருந்து எனக்குக் கொடுத்தார். அதைக் கயிற்றில் கட்டி நிலத்தில் இழுத்துக்கொண்டு போனால் தடம் ஆகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். முதல் இரண்டு முறையும் மணி அழகாகத் தொடர்ந்து வந்ததைக் கண்டு பூரித்தும் போனேன். மூன்றாம் முறை, தோலை எடுத்துவிட்டு வெறுமனே நடந்து போய் மரத்தின் பின்னால் நிற்கச் சொன்னார் பெரியவர். அப்போதும் மணி அதே உற்சாகத்தோடு என்னிடம் வந்து சேர்ந்தான். அவன் தொடர்ந்தது ரக்கூனை அல்ல, என் செருப்பை. அதன் பிறகு பத்தடி நீளக் கழியின் நுனியில் கயிற்றைக் கட்டி, தோல் எனக்கு வெகுதூரம் பக்கவாட்டில் இழுபடும்படி நடந்தேன். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். குட்டியின் பக்கம் வீசினால் அது தலையைத் தூக்கிக் காற்றிலேயே பிடித்துவிடும், தரையில் மூக்கை வைக்காது.

முதலில் ஐம்பது கஜம், நேர்கோடு. பிறகு ஒரு வளைவு, பிறகு இரண்டு, பிறகு ஓடையைக் கடந்து மறுகரை. சில இடங்களில் தோலைத் தரையிலிருந்து தூக்கி, விழுந்துகிடக்கும் மரத்தின் மேல் தேய்த்துக்கொண்டு போனேன், ஏனென்றால் ரக்கூன் அப்படித்தான் நடக்கும். தடத்தை இழுத்த உடனே நாயை விடாமல், பத்து நிமிடம், அரை மணி, இரண்டு மணி நேரம் என்று ஆற விட்டேன். தடத்தின் முடிவில் தோலை அடிமரத்தில் நன்றாகத் தேய்த்து, குட்டிக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட வேண்டும். எட்டிவிட்டால் அது குரைக்காது, கடித்து இழுக்கத்தான் பார்க்கும். அப்போது பால்பற்கள் விழுந்துகொண்டிருந்த காலம் என்பதால், தோலை வாயில் கொடுத்து இழுவை விளையாட்டு விளையாடவும் இல்லை. வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் செய்யக் கூடாது. பத்துப் பன்னிரண்டு முறை சரியாக வந்த பிறகு அதை அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்பதும் பெரியவர் சொன்னதே. இழுத்த தடத்தின் வாசனை, இரண்டு மணி நேரத்துக்கு முன் நிதானமாக நடந்துபோன நிஜ ரக்கூனின் வாசனையைவிட எவ்வளவோ அடர்த்தியானது. அதிலேயே பழகிப்போன நாய், ஆறிய மெல்லிய தடத்தைக் கண்டால் பொருட்படுத்தாமல் கடந்துவிடுகிறது.

உயிருள்ள ரக்கூனைக் கூண்டில் அடைத்துக் குட்டிக்குக் காட்டிப் பழக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. நான் அதைச் செய்யவில்லை, யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன். காட்டு விலங்கைப் பிடித்து வைப்பதற்குப் பல இடங்களில் சட்டத் தடையும் கட்டுப்பாடும் உண்டு. அடைபட்ட விலங்குக்கு அது வதை. கூண்டைக் கண்ணால் பார்த்துக் குரைக்கப் பழகிய குட்டி மூக்கைப் பயன்படுத்தவும் மறந்துவிடும். அதற்கும் மேலாக நோய் அபாயம். ரக்கூனின் கழிவில் உள்ள ஒருவகை உருண்டைப்புழுவின் முட்டை மனிதரின் வயிற்றுக்குள் போனால், அரிதாகவே என்றாலும், மூளை வரை பாதிக்கும். டிஸ்டெம்பர் நோய் ரக்கூனுக்கும் நாய்க்கும் பொது. எனவே டிஸ்டெம்பர், ரேபிஸ், லெப்டோஸ்பைரோசிஸ் ஆகிய மூன்றுக்கும் தடுப்பூசி முடியாமல் குட்டியைக் காட்டுக்குள் விடவே கூடாது. மாதந்தோறும் புழு மருந்தும் தவறக் கூடாது.

அக்டோபர் மாதம், எட்டு மாத வயதில், டெய்சியோடு சேர்த்து மணியை முதன்முதலாகக் காட்டுக்குள் விட்டோம். எல்லாம் எளிதாக நடப்பதுபோல் இருந்தது. டெய்சி குரல் எழுப்பினால் இவனும் எழுப்பினான். டெய்சி மரத்தில் முன்னங்கால் வைத்து நின்றால் இவனும் பக்கத்தில் நின்று குரைத்தான். நான் மகிழ்ந்துபோய் வாரம் மூன்று இரவு போனேன். பெரியவர் அதிகம் பேசவில்லை. ஒரு நாள் மட்டும், "இவன் ரக்கூனைத் துரத்தவில்லை, டெய்சியைத் துரத்துகிறான்" என்றார். துணைநாயோடு ஐந்தாறு முறை போவது குட்டிக்குக் காட்டைப் பற்றிய பயத்தைப் போக்கும். அதற்கு மேல் போனால், இன்னொரு நாயின் முடிவையே நம்பி வாழும் நாயாக அது ஆகிவிடும். அந்த எண்ணிக்கையை நான் எப்போதோ தாண்டியிருந்தேன்.

அவர் சொன்னதைக் கேட்டு, நவம்பர் இறுதியில், மழை ஓய்ந்த ஓர் இரவில் மணியை முதன்முதலாகத் தனியே அழைத்துப் போனேன். தரை ஈரமாகவும் காற்று அசையாமலும் இருந்தது. வாசனை தங்குவதற்கு அதைவிட நல்ல இரவு கிடைக்காது. இருபது நிமிடம் ஓடையோரமாக அலைந்தவன் திடீரென்று குரல் எழுப்பினான். கையிலிருந்த ஜிபிஎஸ் திரையில் அவனுடைய கோடு வளைவே இல்லாமல் நேராக, வேகமாக, மேட்டைத் தாண்டிப் போனது. இருநூறு, நானூறு, அறுநூறு கஜம். நேராகவும் வேகமாகவும் போனால் அது மான் என்று யாரோ சொல்லியிருந்தது என் மனதில் பதிந்திருந்தது. மானைத் துரத்தும் கூன்ஹவுண்டை யாரும் விரும்புவதில்லை. அது பல மைல் போய்விடும், சட்டச் சிக்கலும் வரும். பட்டையில் மின்னதிர்ச்சி கொடுக்கும் பொத்தான் இருந்தது. அழுத்தினேன். குரல் நின்றது. மீண்டும் ஒரு முறை தொடங்கியது. நான் மீண்டும் அழுத்தினேன். அந்த அலறல் மேட்டுக்கு அப்பாலிருந்து தெளிவாகக் கேட்டது. அதன் பிறகு காடே ஓய்ந்துவிட்டது. கால் மணி நேரம் கழித்து, வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்கிக்கொண்டு, தரையோடு தரையாக வயிற்றைத் தேய்த்தபடி வந்து என் பூட்சின் மேல் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்துபோனேன். மேட்டுக்கு அப்பால் அறுவடை முடிந்த சோள வயல். அதற்குப் போகும் வழியில் ஓடைச் சேற்றில் மணியின் காலடி. அதற்கு ஒரு சாண் முன்னால், ஐந்து விரலும் விரித்து அழுத்திய சின்னஞ்சிறு கை போன்ற தடம், அதை அடுத்து நீண்ட குதிகாலோடு பின்னங்கால் தடம், மறுபடியும் கை, மறுபடியும் கால் என்று கரை நெடுகப் பதிந்திருந்தது. மான் குளம்பு ஒன்றுகூட இல்லை. உதிர்ந்த சோள மணிகளைப் பொறுக்கப் போன ரக்கூன், நாய்க்குரலைக் கேட்டதும் தனக்குத் தெரிந்த நேர்வழியில் காட்டுக்கு ஓடியிருக்கிறது. பத்து மாதக் குட்டி, வாழ்க்கையில் முதன்முதலாக யாருடைய உதவியும் இல்லாமல் தன் வேலையை மிகச் சரியாகச் செய்துகொண்டிருந்த நேரத்தில், நான் அவனைத் தண்டித்திருக்கிறேன். அந்தச் சேற்றின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதன் விளைவு உடனே தெரிந்தது. பட்டையை எடுத்தாலே மணி கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தான். காட்டோரத்தில் அவிழ்த்துவிட்டால் என் காலை விட்டு இரண்டடி நகரவில்லை. ஓக் மரத்தடியில் புதிய ரக்கூன் வாசனை இருந்தபோது மூக்கை வைத்தான், உடனே தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். ரக்கூன் வாசனை என்றால் வலி என்று அவன் கணக்குப் போட்டுவிட்டான். அந்தக் கணக்கில் பிழை ஏதும் இல்லை.

பெரியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அந்தப் பட்டையைப் பரணில் போடச் சொன்னார். மின்னதிர்ச்சி வசதி இல்லாத, இருப்பிடத்தைக் காட்டி 'பீப்' ஒலி மட்டும் எழுப்பும், வேறு நிறமும் வேறு எடையும் உள்ள பட்டை ஒன்றைத் தாமே கொடுத்தார். ஆறு வாரத்துக்கு வேட்டை என்ற பேச்சே இல்லை. பகலில் ஓடைக்கரை நடை. கட்டளை எதுவும் கிடையாது. இரவில் காட்டுக்குள் போய், விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மரத்தில் சாய்ந்து நான் உட்கார்ந்திருப்பேன். அவன் என் மடியில் தலை வைத்துப் படுத்திருப்பான். முதல் வாரம் அப்படியே கழிந்தது. இரண்டாம் வாரத்தில் எழுந்து நின்று காற்றை முகர்ந்தான். நான்காம் வாரத்தில் பத்து கஜம், இருபது கஜம் போய்த் திரும்பி வந்தான். போகும்போதும் நான் பேசவில்லை, வந்தபோதும் பேசவில்லை. கையை நீட்டினேன், அவ்வளவுதான். ஜனவரி நடுவில் ஒரு நாள், ஓடையின் மறுகரையில் ஒரே ஒரு முறை குரல் கொடுத்துவிட்டு நிறுத்தி, என்ன ஆகப்போகிறது என்று காத்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் கொடுத்தான்.

மானை விலக்கப் பழக்குவது அவசியம்தான். ஆனால் அதற்கு வழி வேறு. மாலை மங்கும் நேரத்தில் மான்கள் மேயும் வெட்டவெளிக்கு நீண்ட கயிற்றில் கட்டி அழைத்துப் போய், அவன் மானைப் பார்ப்பதை நானும் பார்த்து, அவன் இழுக்கும்போது மட்டும் கண்டிப்பான ஒரு சொல் சொல்லித் திருப்பினேன். ஏழெட்டு மாலைகளில் மானைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கினான். அதன் பிறகும் இருட்டில் சந்தேகம் வந்த இரவுகளில் 'பீப்' ஒலியால் அழைத்துக்கொண்டேனே தவிர, தண்டிக்கவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் நாய்கள் இரண்டும் மரத்தடியில் நின்றபோது, கிளை ஒடிந்து கீழே விழுந்த ரக்கூன் டெய்சியின் உதட்டைக் கடித்துவிட்டு ஓடியது. காயம் சிறியது, ஆறியும் விட்டது. பத்து நாள் கழித்து அவளுடைய பின்னங்கால்கள் தள்ளாடின. மறுநாள் நான்கு காலும் தொய்ந்து, எழ முடியாமல் கிடந்தாள். குரைக்க முயன்றால் மூச்சுக்காற்றுதான் வந்தது. கூன்ஹவுண்ட் பராலிசிஸ் என்றே இதற்குப் பெயர். ரக்கூனின் எச்சிலில் உள்ள ஏதோ ஒன்றுக்கு எதிராக எழும் நோய் எதிர்ப்பு சக்தி, நாயின் சொந்த நரம்பு வேர்களையே தாக்குவதால் வருவது. பெரும்பாலும் கடிபட்ட ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் தொடங்கும். நேராக நோயைப் போக்கும் மருந்து இல்லை. ஆனால் உணர்வு இருக்கும், பசி இருக்கும், வாலும் ஆடும்; நல்ல பராமரிப்பு கிடைத்தால் பெரும்பாலானவை சில வாரங்களிலோ மாதங்களிலோ எழுந்துவிடும். மூச்சு விடச் சிரமப்பட்டால் மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பெரியவரும் நானும் முறை வைத்துக்கொண்டு, படுக்கைப் புண் வராமல் சில மணி நேரத்துக்கு ஒரு முறை அவளைப் புரட்டிப் படுக்க வைத்தோம், கையால் ஊட்டினோம், கால்களை நீட்டி மடக்கினோம். பத்து வாரம் கழித்து மே மாதத்தில் நடந்தாள். மறுபடியும் ரக்கூனோடு உரசினால் மறுபடியும் வரலாம் என்பதால், டெய்சி அதற்குப் பின் காட்டுக்குப் போகவில்லை.

அதனால் மணி தனியாகவே கற்க வேண்டியதாயிற்று. அது நான் திட்டமிட்ட பயிற்சி அல்ல. ஆனாலும் அவனுக்கு வேண்டியிருந்தது அதுதான். வேட்டைப் பருவம் முடிந்த பிறகும் ரக்கூனைக் கொல்லாமல் துரத்த மட்டும் நாயைப் பழக்கப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எந்த நிலத்தில் என்பதை வனவிலங்குத் துறை வெளியிடும் விதிநூலைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும், நிலத்துக்காரரின் அனுமதியையும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கேட்டுப் பெற வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை வாரம் இரண்டு இரவு போனோம். பெரும்பாலும் தடத்தை எடுப்பான், ஓடையில் தொலைப்பான், வட்டமடித்துத் தேடுவான், திரும்பி வருவான். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் நிறுத்திவிட்டேன். அந்தப் புழுக்கத்தில் மோப்பநாயை ஓட விடுவது ஆபத்து. காப்பர்ஹெட் என்ற நச்சுப் பாம்புகளும் இரவில் நடமாடும் காலம் அது. இடையில் ஒரு முறை, நாற்றமடிக்கும் திரவத்தைப் பீய்ச்சும் ஸ்கங் என்ற சிறு விலங்கிடம் முகத்தைக் கொடுத்துவிட்டு வந்தான். மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறக்குறைய ஒரு லிட்டர், சமையல் சோடா கால் கோப்பை, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றை அப்போதே கலந்து, கண்ணில் படாமல் தேய்த்து, ஐந்து நிமிடம் கழித்துக் கழுவினால் நாற்றம் போகும். கலவையை மூடிய புட்டியில் வைத்தால் வெடித்துவிடும், மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

செப்டம்பரில் வேறொரு சிக்கல் தலைகாட்டியது. நான்கு இரவுகளில் மூன்று முறை, ரக்கூன் இல்லாத மரத்தில் நின்று குரைத்தான். ரக்கூன் சில நேரம் ஒரு மரத்தில் பாதி ஏறி, பக்கவாட்டில் தாவி இறங்கி, வேறு மரத்துக்குப் போய்விடும். அவசரக்காரக் குட்டி முதல் மரத்திலேயே நின்றுவிடும். வெறும் மரத்தில் நின்றதற்காக அடிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் சேற்றில் பார்த்த அந்தக் கைத்தடத்தை மறக்காததால் அடிக்கவில்லை. அடர்ந்த இலைக்குள் இருந்ததா, பொந்துக்குள் போய்விட்டதா என்பது கீழே நிற்கும் எனக்கு எப்படித் தெரியும்? நான்கு பக்கமும் சுற்றி விளக்கடித்துப் பார்ப்பேன். கண் தென்பட்டால் கழுத்தைத் தடவி வாயாரப் பாராட்டுவேன். தென்படாவிட்டால் ஒரு வார்த்தையும் பேசாமல் வாரில் கட்டி அழைத்து வந்துவிடுவேன். பாராட்டுக்கும் மௌனத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவனே புரிந்துகொண்டான். மரத்தை அடைந்ததும் உடனே குரைக்காமல், இரண்டு முறை அடிமரத்தைச் சுற்றி வெளிவட்டத்திலும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பும் பழக்கம் அந்த மாதக் கடைசியில் வந்தது.

அக்டோபர் இரண்டாம் வாரம், வெள்ளிக்கிழமை. மாலையில் தூறல், பிறகு மூடுபனி. பதினொரு மணிக்கு ஓடைத் திருப்பத்தில் அவிழ்த்துவிட்டேன். நாற்பது நிமிடம் சத்தமே இல்லை. பிறகு தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு நீண்ட ஊளை, இடைவெளி, மறுபடியும் ஊளை. ஆறிய தடத்தை அவன் இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தான். ஊளைகளுக்கு இடையே உள்ள இடைவெளி குறையக் குறைய என் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஓடையைக் கடந்தான். நின்றான். திரையில் கோடு இரண்டு சிறு வட்டம் போட்டது. அதன் பிறகு, பல ஆண்டுகளுக்கு முன் பெரியவரின் வாசலில் நின்று கேட்ட அதே மாற்றம்: ஊளை உடைந்து குறுங்குரைப்பாக, நிமிடத்துக்கு அறுபதுக்கும் மேலாக, ஓயாமல் வந்தது. அவசரப்படவில்லை. மரத்தில் நிலைத்து நிற்கப் பழக வேண்டும் என்பதற்காக மெதுவாகவே நடந்து போனேன்; போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

ஓடையோரத்துச் சிக்கமோர் மரம், வெள்ளை வெளேரென்ற பட்டை. மணி முன்னங்கால்கள் இரண்டையும் அடிமரத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்தி, என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் குரைத்துக்கொண்டிருந்தான். முதலில் அவனை வாரில் கட்டி, விழுந்தால் படாத தூரத்தில் இன்னொரு மரத்தோடு பிணைத்தேன். டெய்சிக்கு நேர்ந்த பிறகு இதில் நான் ஒரு நாளும் தவறுவதில்லை. விளக்கை மேலே திருப்பினேன். நாற்பதடி உயரத்தில், கவைக்கிளையில், இரண்டு கண்கள் மஞ்சளாக மின்னின. பெரிய ரக்கூன். பருவம் திறந்திருந்தது, உரிமம் சட்டைப் பையில் இருந்தது. ஆனால் துப்பாக்கியை வண்டியிலேயே விட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். 1970களின் இறுதியில் ரக்கூன் தோல் நல்ல விலைக்குப் போன காலத்தில் பெரியவர் போன்றவர்கள் அதை விற்றே குளிர்காலச் செலவைச் சமாளித்தார்கள். இன்று அந்த விலையும் இல்லை, எனக்கு அந்தத் தேவையும் இல்லை. மணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, எனக்குத் தெரிந்த தமிழ்ச் சொல்லையெல்லாம் சொல்லிப் பாராட்டினேன்.

பெரியவருக்கு அழைத்தபோது முதல் மணியிலேயே எடுத்தார். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். "சிக்கமோர் மரம்தானே? அரை மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், டெய்சியும் காதைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்" என்றார். வீடு வந்து சேர்ந்தபோது நேரம் இரவு இரண்டரை. காதுமடலைத் திருப்பி ஈரத்தைத் துடைத்தேன், கால்விரல் இடுக்கில் இருந்த இரண்டு உண்ணிகளைச் சாமணத்தால் எடுத்தேன், பாதத்தில் முள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். அவன் தட்டைக் காலி செய்துவிட்டு, பட்டையைக் கழற்றுவதற்குள் தூங்கிப்போனான்.